கோட்டிங் போட்ட வண்டிக்கு வாக்ஸ் போடலாமுங்களா? கொங்குப் பகுதி கார்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் போர்ட்டிகோவில் வண்டியை நிறுத்தி, வாக்ஸ் டின்னைத் திறந்து, கதவு கதவாகத் தேய்த்துப் பழகியவர்கள் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் நிறையப் பேர். இப்போது புது வண்டி எடுக்கும்போதே செராமிக் கோட்டிங்கும் சேர்ந்து வந்துவிடுகிறது. டின் அலமாரியில் கிடக்கிறது, கை மட்டும் பழக்கத்தை விடவில்லை. அப்படிப்பட்டவர்கள் கேட்கும் கேள்விகள் இவை.

வாக்ஸுக்கும் கோட்டிங்குக்கும் அடிப்படையில் என்னங்க வித்தியாசம்?

நல்ல பேஸ்ட் வாக்ஸில் முக்கியச் சரக்கு கார்னூபா மெழுகு. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் ஓலையைக் காயவைத்து, அதிலிருந்து உதிர்த்து எடுப்பது. அதன் உருகுநிலை 82 முதல் 86 டிகிரி செல்சியஸ். தனியாகக் கையால் தேய்க்க முடியாத அளவுக்குக் கெட்டி என்பதால் எண்ணெய், கரைப்பான், தேன்மெழுகு எல்லாம் கலந்து இளக்கி டின்னில் அடைக்கிறார்கள். பெயின்ட் மேல் அது சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வெயிலும் ஷாம்பும் மழையும் சேர்ந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். நம் ஊரில் வெளியே நிற்கும் வண்டிக்கு 4 முதல் 8 வாரம் தாங்கினால் நல்ல வாக்ஸ்.

கோட்டிங் திரவமாக வரும். சிலிக்கான் சேர்ந்த வேதிப்பொருள் அது. காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து, கண்ணாடி மாதிரி இறுகி, கிளியர் கோட்டோடு, அதாவது வண்டி நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பெயின்ட் அடுக்கோடு, பிணைந்துகொள்ளும். சாதாரண ஷாம்பு அதை எடுக்காது. தானாகத் தேய்ந்து தீரும் முன் எடுக்க வேண்டுமென்றால் பாலிஷ் மெஷினை வைத்துத்தான் தேய்க்க வேண்டும். தடிமன் மட்டும் பலர் நினைப்பது போல இல்லை: கம்பெனி கிளியர் கோட் 40 மைக்ரான் அளவில் இருந்தால், கோட்டிங் ஓரிரு மைக்ரான்தான்.

கோட்டிங்கின் கடினத்தை 9ஹெச் என்கிறார்களே, அப்படியென்றால் கீறலே விழாதா?

விழும். 9ஹெச் என்பது பென்சிலை வைத்துக் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. ரோட்டுத் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் அதைவிடக் கடினம். காய்ந்த துணியால் தூசியைத் துடைத்தால் கோட்டிங் வண்டியிலும் வட்ட வட்டமாகக் கோடு விழத்தான் செய்யும். டிரைவர்கள் டிக்கியில் வைத்திருக்கும் டீசல் துணி இன்னும் மோசம். அரை மணி நேரம் பளபளப்பு காட்டும், அப்புறம் அந்த எண்ணெய்ப் பசை போகிற வழியில் இருக்கிற தூசியை எல்லாம் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கோட்டிங் போட்ட பிறகு வாக்ஸ் போட்டால் பழைய சந்தோஷம் வருவதில்லை. ஏன்?

கை வேலைக்குக் கண்முன் பலன் கிடைக்காததுதான் காரணம். வாக்ஸ் இல்லாத வண்டியில் ஒரு கதவை முடித்துவிட்டு அடுத்த கதவைப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். முடித்த கதவில் நிறம் ஒரு படி ஆழமாக இருக்கும். புறங்கையை வைத்தால் வழுக்கும்; பக்கத்துக் கதவில் சொரசொரப்பு தட்டும். அந்த வித்தியாசம்தான் அடுத்த கதவுக்கு உட்காரச் சொல்கிறது. கோட்டிங் வண்டியில் தொடங்கும்போதே நிறமும் ஆழமாக இருக்கிறது, கையும் வழுக்குகிறது. ஒரு மணி நேரம் தேய்த்து எழுந்தாலும் வண்டி முன்பு இருந்தபடியேதான் நிற்கும்.

இன்னொரு இழப்பும் உண்டு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வாக்ஸ் போடுகிறவர் மாதம் ஒரு முறை வண்டியின் ஒவ்வொரு அங்குலத்தையும் கையால் தொடுகிறார். போனெட் விளிம்பில் கல் தெறித்த புள்ளி, கதவின் அடி ஓரத்தில் பெயின்ட் கொப்பளித்துத் துரு கிளம்பும் இடம், வீல் ஆர்ச்சில் உரிந்த லைனர் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். கோட்டிங் போட்ட பிறகு பலர் பிரஷர் வாஷரால் அடித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கல் தெறிப்பைத் தொடக்கத்திலேயே டச்-அப் பெயின்ட் வைத்து மூடினால் ஐந்து நிமிட வேலை. இரண்டு மழைக்காலம் விட்டால் டிங்கரிங் பட்டறைக்குப் போக வேண்டியிருக்கும்.

எங்கள் கருத்து இதுதான்: வாக்ஸ் போடுவது உங்களுக்கு வேலை என்றால் கோட்டிங் போடுங்கள், வருத்தப்பட ஒன்றும் இல்லை. அது உங்களுக்குப் பிடித்த பொழுது என்றால், "இந்தக் காலத்தில் யாருங்க வாக்ஸ் போடறாங்க" என்ற பேச்சைக் கேட்டு அதை விட்டுக்கொடுக்காதீர்கள். மாதாமாதம் போடத் தயாராக இருக்கிறவருக்கு வாக்ஸ் பெரிதாகக் குறைந்த பாதுகாப்பு கிடையாது. சீக்கிரம் தீரும் பாதுகாப்பு, அவ்வளவுதான்.

சரி, கோட்டிங் மேலேயே வாக்ஸ் போடலாமுங்களா?

போடலாம், வண்டிக்குக் கெடுதல் வராது. ஆனால் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டு போடுங்கள்.

எதையும் ஒட்டவிடாமல் இருப்பதுதான் கோட்டிங்கின் வேலை. வாக்ஸையும் அது சரியாக ஒட்டவிடாது. பெயின்ட் மேல் ஆறு வாரம் நிற்கும் வாக்ஸ் இங்கே அதில் பாதியே நிற்கும். அடுத்து, வாக்ஸ் போட்ட நாளிலிருந்து மேலே நிற்பது வாக்ஸின் குணம், கோட்டிங்கின் குணம் மறைந்துவிடும். தண்ணீர் ஓடும் வேகம் குறையும். வாக்ஸில் உள்ள எண்ணெய் தூசியைக் கூடுதலாகப் பிடிக்கும். "காசு கொடுத்துப் போட்ட கோட்டிங் ஆறு மாதத்தில் போயிருச்சு" என்று வருகிறவர்களின் வண்டியில் பல சமயம் கோட்டிங் நன்றாகவே இருக்கும், மேலே பழைய வாக்ஸ் படிந்திருக்கும்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. டின்னில் 'க்ளீனர் வாக்ஸ்', 'பாலிஷ் அண்ட் வாக்ஸ்' என்று இருந்தால் அதில் நுண்ணிய அரைப்புப் பொடி இருக்கும். ஓரிரு மைக்ரான் கோட்டிங்கை அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துவிடும். அரைப்புப் பொடி இல்லாத வாக்ஸ் மட்டும்தான் கோட்டிங் மேல் போக வேண்டும். புதிதாகக் கோட்டிங் போட்ட வண்டி என்றால் முழுதாக இறுகும்வரை, குறைந்தது இரண்டு மூன்று வாரம், எதுவும் பூச வேண்டாம்.

கைக்கு வேலை வேண்டும், கோட்டிங்கும் கெடக் கூடாது என்பவர்களுக்குச் சிலிக்கா கலந்த ஸ்ப்ரே இருக்கிறது. கழுவித் துடைத்ததும் பேனலுக்கு (கதவு, போனெட் மாதிரி ஒரு பாகத்துக்கு) இரண்டு அழுத்து, ஒரு துணியால் பரப்பி, இன்னொரு துணியால் துடைத்துவிட வேண்டும். அதுவும் சிலிக்கா என்பதால் கோட்டிங்கோடு ஒத்துப்போகும். வாக்ஸ் தரும் நிதானமும் வாசனையும் அதில் கிடைக்காது, அதையும் சொல்லிவிடுகிறோம்.

போட்ட வாக்ஸை எடுத்துக் கோட்டிங்கைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

முடியும். காரத்தன்மை கொண்ட 'ஸ்ட்ரிப் வாஷ்' ஷாம்பில் ஒரு முறை கழுவி, பிறகு ஒரு பங்கு ஐஸோப்ரொபைல் ஆல்கஹாலுக்கு ஐந்தாறு பங்கு தண்ணீர் கலந்து துணியில் தெளித்துத் துடைத்தால் வாக்ஸ் போய்விடும். நிழலில், பேனல் சூடில்லாமல் இருக்கும்போது செய்ய வேண்டும்.

போர்வெல் தண்ணியில் கழுவினால் வெள்ளைப் புள்ளி விழுகிறது. கோட்டிங் போட்டும் ஏன்?

இந்தப் பக்கத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. திருப்பூர், பல்லடம், அவிநாசி, காங்கயம் சுற்று வட்டாரத்தில் பல போர்வெல்களில் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு (லிட்டருக்கு மில்லிகிராமில்), 1000-ஐத் தாண்டுகிறது. அந்தத் தண்ணீர் காயும்போது அதிலுள்ள கால்சியம், மெக்னீசியம் உப்பு அங்கேயே தங்கிவிடும். கோட்டிங் இதைத் தடுக்காது. தண்ணீர் பரவாமல் முத்து முத்தாக நிற்பதால், ஒரு முத்தில் இருக்கிற உப்பு முழுக்க ஒரே புள்ளியில் குவிகிறது. அதுவும் வெயிலில் நிற்கும் வண்டியில் சில நிமிடத்தில் காய்ந்துவிடும்.

வாக்ஸ் போட்ட வண்டியிலும் புள்ளி விழும். ஆனால் ஒரு மாதத்தில் அந்த வாக்ஸ் போகும்போது மேலோட்டமான புள்ளியும் சேர்ந்து போகிறது. கோட்டிங் போகாது, புள்ளியும் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும். போர்வெல்லை விட்டால் வழியில்லை என்கிற வீட்டில் வாக்ஸுக்கு இருக்கும் உண்மையான சாதகம் இது.

செய்ய வேண்டியது: ஷாம்பு வேலை முழுக்கப் போர்வெல் தண்ணீரில் செய்யலாம். கடைசி அலசலுக்கு மட்டும் 10 முதல் 12 லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும். சிறுவாணி, பில்லூர் குழாய்த் தண்ணீர் வருகிற வீட்டில் ஒரு பக்கெட் போதும். குடிக்கிற தண்ணீரை அதற்கு மேல் செலவழிக்க வேண்டாம். மழைநீர்த் தொட்டித் தண்ணீர் அருமையானது. ஏசி வெளியேற்றும் தண்ணீரில் உப்பு அநேகமாக இருக்காது, அதைக் கேனில் பிடித்து வைத்தால் போதும். ஆர்ஓ மெஷின் கழிவுத் தண்ணீரை மட்டும் வண்டிப் பக்கமே கொண்டுவராதீர்கள். வடிகட்டிய உப்பு எல்லாம் அதில்தான் இருக்கிறது. கையடக்க டிடிஎஸ் மீட்டரில் 100-க்குக் கீழ் காட்டும் தண்ணீர் என்றால் தைரியமாக அலசலாம். அலசியதும் காயவிடாமல் பெரிய துணியால் ஒற்றி எடுங்கள்.

புள்ளி விழுந்துவிட்டால், வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியை நனைத்துப் புள்ளி மேல் ஒரு நிமிடம் வைத்து, நன்றாக அலசிவிடுங்கள். ஒன்றிரண்டு நாள் புள்ளி இதில் போகும். நகம் தட்டுகிற மாதிரி குழி விழுந்திருந்தால் கிளியர் கோட்டே அரிக்கப்பட்டிருக்கிறது, அதற்குப் பாலிஷ்தான்.

எந்த மாதத்தில் வாக்ஸ் போடுவது நல்லது?

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்று உடுமலை, பொள்ளாச்சி, தாராபுரம் பக்கம் மண்ணை வாரிக்கொண்டு வரும். திறந்த வாசலில் வாக்ஸ் டின்னைத் திறந்தால் தடவிய வாக்ஸில் மண் விழுந்து, அதையே தேய்த்துக் கீறல் போடுவீர்கள். கதவடைத்த ஷெட் இருந்தால் மட்டும் அந்த மாதங்களில் போடுங்கள். பொள்ளாச்சியில் தேங்காய் நார்த் தூள், திருப்பூரில் பஞ்சுத் தூசி என்று பக்கத்துக்குப் பக்கம் வேறு தொல்லையும் உண்டு.

புரட்டாசியில், ஆயுத பூஜைக்குக் கழுவும் சமயத்தில் ஒரு நல்ல கோட் போட்டால் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வண்டி தயார். மழை விட்ட தை மாதம் அடுத்தது. காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் அவசரமே இல்லாமல் முடிக்கலாம். சித்திரையில் வெயிலில் நிற்கும் கறுப்பு போனெட் 60 டிகிரியைத் தாண்டும். அதன் மேல் வாக்ஸ் வைத்தால் கரைப்பான் உடனே ஆவியாகி, துடைக்க வராமல் திட்டுத் திட்டாக இழுத்துக்கொண்டு நிற்கும்.

வாக்ஸை முறையாகப் போடுவது எப்படிங்க?

முதலில் கழுவல். இரண்டு பக்கெட்: ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். கையுறையை ஒவ்வொரு பேனலுக்கும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பில் முக்க வேண்டும். மேலிருந்து கீழே வாருங்கள். பம்பரின் அடியும் கதவின் அடியும் கடைசி. பாத்திரம் கழுவும் திரவம் பழைய வாக்ஸை எடுக்க ஒரு முறைக்குச் சரி, வாராவாரம் அதில் கழுவினால் போட்ட வாக்ஸ் நிற்காது.

பிறகு பிளாஸ்டிக் கவருக்குள் விரலை விட்டு போனெட்டைத் தடவிப் பாருங்கள். கவர் வழியாகச் சொரசொரப்பு துல்லியமாகத் தெரியும். கோவையில் பவுண்டரி, கிரைண்டிங் பட்டறை இருக்கும் தெருவில் நிறுத்தும் வெள்ளை வண்டியில் ஆரஞ்சுப் புள்ளிகளையும் பார்க்கலாம். பறந்து வந்து பதிந்த இரும்புத் துகள் துருப்பிடிக்கிறது. அதற்கு அயர்ன் ரிமூவர் தெளித்தால் மூன்று நான்கு நிமிடத்தில் ஊதாவாக வழியும். காயவிடாமல் அலசுங்கள். மிச்சத்துக்கு க்ளே பார், அதாவது பதிந்த துகளைப் பிடித்து எடுக்கும் களிமண் மாதிரியான கட்டி: ஷாம்புத் தண்ணீரை வழவழப்புக்கு விட்டு, அழுத்தாமல் நேர்கோட்டில் ஓட்ட வேண்டும். கட்டி கீழே விழுந்தால் குப்பைக்கு. கழுவிப் போடலாம் என்று நினைக்காதீர்கள், அதில் ஒட்டிய ஒரு மணல் போதும்.

வண்டி முழுதாகக் காய்ந்த பின் வாக்ஸ். ஃபோம் பேடை டின்னில் ஒரு சுற்று, அதிகம் போனால் இரண்டு சுற்று. அரைக் கதவுக்கு அது போதும். பூசியது வெளிச்சத்தில் லேசான மூட்டமாகத் தெரிய வேண்டும், வெள்ளையாகத் தெரிந்தால் அதிகம். ஒரு சின்னக் காருக்கு 10 கிராமுக்கு மேல் செலவானால் தடிமனாகப் போடுகிறீர்கள். தடிமனாகப் போட்டது கூடுதலாக நிற்பதில்லை. மேலே இருப்பதைத் துடைத்து எறியத்தான் போகிறீர்கள்.

ஐந்து முதல் பத்து நிமிடம் கழித்து விரல் நுனியால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். விரல் போன வழி சுத்தமாகப் பளபளத்தால் துடைக்கலாம். பிசுபிசுவென்று இழுபட்டால் இன்னும் காயவில்லை. ஐப்பசி ஈரத்தில் இருபது நிமிடம்கூட ஆகும். துடைக்க இரண்டு மைக்ரோஃபைபர் துணி: முதல் துணி வாக்ஸை எடுக்கும், இரண்டாவது துணி மிச்ச எண்ணெய்ப் படலத்தை. துணியை நான்காக மடித்து, பக்கம் மாற்றி மாற்றி உபயோகியுங்கள். முன் கதவு முடிந்ததும் துணி பெயின்ட் மேல் சத்தமே இல்லாமல் போகும், கையில் பாரம் தெரியாது. வாக்ஸ் போடுகிறவர்கள் இந்த வேலையை விடாமல் இருப்பது அந்த இடத்துக்காகத்தான்.

இரண்டாவது கோட் வேண்டுமென்றால் மறுநாள். கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களில் வாக்ஸ் பட்டால் வெள்ளையாகப் படிந்துவிடும். முன்கூட்டியே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள்.

மயில் எச்சம், மயில் கொத்தல் இரண்டுக்கும் எது நல்லது?

எச்சத்துக்கு இரண்டுமே கொஞ்ச நேரம்தான் வாங்கிக் கொடுக்கும். வெயிலில் கிளியர் கோட் இளகி, எச்சம் காய்ந்து இறுகும்போது அதன் அடியில் தடம் விழுகிறது. கோட்டிங் வண்டியில் சில மணி நேரம், வாக்ஸ் வண்டியில் அதைவிடக் குறைவு. காய்ந்ததைச் சுரண்டாமல், ஈரத் துணியை ஐந்து நிமிடம் போட்டு ஊறவைத்து எடுங்கள்.

கொத்தலுக்கு எதுவும் உதவாது. தோட்டத்துச் சாளையில் நிற்கும் கருநிற வண்டியில் மயில் தன் உருவத்தையே இன்னொரு சேவல் என்று நினைத்துப் பாயும்; அலகும் நகமும் கிளியர் கோட்டைத் தாண்டிப் போய்விடும். சைடு மிரருக்குப் பை மாட்டுங்கள், கழுவிய வண்டிக்கு மட்டும் கவர் போடுங்கள். தூசி வண்டிக்குக் கவர் போட்டால் காற்றில் அது ஆடி ஆடியே கீறிவிடும்.

ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைத்தால்?

தாராளமாக வையுங்கள், மறுநாள் காலையில் தண்ணீர் விட்டு ஊறவைத்துக் கழுவிவிடுங்கள். ஒரு வாரம் வெயிலில் விட்டால் மஞ்சளும் குங்குமச் சாயமும் வெள்ளை பெயின்ட்டில் தடம் விடும். வாக்ஸோ கோட்டிங்கோ இருந்தால் சாயம் எளிதில் இறங்காது. வாழைக்கன்றைக் கட்டும்போது வெட்டுவாய் பம்பரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பால் காய்ந்தால் கறை.

பாதி கோட்டிங், பாதி வாக்ஸ் என்று வைத்துக்கொள்ளலாமா?

வாக்ஸ் போடுவதில் ஆசை உள்ளவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லும் யோசனை இதுதான். அலாய் வீல், கதவின் அடிப்பகுதி, பின் பம்பர், முன் கண்ணாடி இவற்றுக்குக் கோட்டிங். பிரேக் தூசியும் தாரும் சேறும் அடிக்கும் இடங்கள் இவை. அங்கே வாக்ஸ் இரண்டு வாரம்கூட நிற்காது, குனிந்து தேய்ப்பதிலும் சுகம் இல்லை. போனெட், கூரை, ஃபெண்டர், கதவின் மேல்பாதி வாக்ஸுக்கு. வால்பாறை நாற்பது வளைவும் ஏறி இறங்கி மண்ணோடு வந்த வண்டியில்கூடக் கீழ்ப்பாதி தண்ணீர் அடித்ததும் விட்டுவிடும், மேல்பாதி உங்கள் கைக்குக் காத்திருக்கும். கதவின் நடுவில் ஓடும் பாடி லைனையே எல்லையாக வைத்து டேப் ஒட்டிக்கொண்டால் கோடு தெரியாது.

பழைய அம்பாசிடர், பத்மினிக்குக் கோட்டிங் போடலாமா?

பழைய பெயின்ட்டே இருந்தால் வேண்டாம். அவற்றில் தனியாகக் கிளியர் கோட் கிடையாது. நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கு. துணியில் வண்டியின் நிறமே இறங்கினால் அப்படிப்பட்ட பெயின்ட் என்று அறியலாம். கோட்டிங் போடும் முன் வழக்கமாகச் செய்யும் மெஷின் பாலிஷில் பெயின்ட்டே கரைந்து பிரைமர் எட்டிப் பார்க்கும். எண்ணெய்ச் சத்துள்ள வாக்ஸ்தான் அதற்கு உரியது, அந்தப் பெயின்ட்டில் அது காட்டும் ஆழத்தை எந்தக் கோட்டிங்கும் காட்டாது.

வீட்டிலேயே கோட்டிங் போடலாமா?

மெஷின் பாலிஷ் தெரிந்தவர் போடலாம். ஒரு காருக்கு 30 முதல் 50 மில்லி. இரண்டடிக்கு இரண்டடி இடமாகக் குறுக்கும் நெடுக்கும் தடவி, வானவில் நிறம் காட்டியதும் துடைக்க வேண்டும். நம் வெயில் காலத்தில் அது ஒரு நிமிடத்திலேயே வந்துவிடும். துடைக்காமல் விட்ட இடம் கரும்புள்ளியாக இறுகி நிற்கும், அப்புறம் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க முடியும். பெயின்ட்டில் துளி வாக்ஸ் இருந்தாலும் கோட்டிங் பிடிக்காது.

கோட்டிங் தீர்ந்துவிட்டது, இனி வாக்ஸுக்குத் திரும்பலாம் என்று எப்படி முடிவு செய்வது?

தண்ணீர் முத்து விடவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். முதலில் ஸ்ட்ரிப் வாஷ், அயர்ன் ரிமூவர், வினிகர்க் கரைசல் மூன்றையும் ஒரே நாளில், ஒவ்வொன்றுக்கும் இடையில் அலசி, ஒரு பேனலில் செய்து பாருங்கள். முத்து திரும்ப வந்தால் கோட்டிங் உயிரோடு இருக்கிறது, அழுக்குதான் மூடியிருந்தது. வராமல் தண்ணீர் தகடாகப் படர்ந்து நின்றால் அந்தப் பேனலில் கோட்டிங் போய்விட்டது. பெரும்பாலும் கூரையும் போனெட்டும்தான் முதலில் போகும். அந்த இரண்டுக்கும் வாக்ஸைத் தொடங்குங்கள், மிச்சம் தானாகத் தீரட்டும். தீராத கோட்டிங்கைப் பாலிஷ் போட்டு எடுத்தால் கிளியர் கோட்டும் கொஞ்சம் சேர்ந்து போகும், அது திரும்ப வராது.

அலமாரியில் கிடக்கும் பழைய டின் வெடித்துப்போய் இருக்கிறது. உபயோகப்படுமா?

படும். கரைப்பான் ஆவியானதால் வந்த வெடிப்பு அது. பேடைச் சொட்டு நீரால் ஈரமாக்கித் தேய்த்தால் வாக்ஸ் ஏறும். இளக்குவதற்காக அடுப்பில் வைக்காதீர்கள், கரைப்பான் தீப்பற்றும். உதிரும் பொடியாகி, புளித்த வாடை அடித்தால் மட்டும் தூக்கி எறியுங்கள். புது டின்னை மூடி இறுக்கி, வண்டி டிக்கியில் வைக்காமல் வீட்டுக்குள் வையுங்கள்.